மலை இறங்கும் பழைய பஸ்ஸுக்கு மூச்சு எங்கே கிடைக்கும்?

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்காது. பஸ் வந்து நிற்கும். டிரைவர் ஸ்டீயரிங் பக்கத்தில் எதையோ இழுப்பார். ‘புஸ்ஸ்ஸ்...’ என்று பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். ‘பஸ் தும்முது’ என்று சின்னப் பிள்ளைகள் சிரிப்பார்கள். பெரியவர்கள் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள்.

அந்தப் பெருமூச்சுதான் நம்மைப் பத்திரமாக மலை ஏற்றி இறக்குகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்துக்கும் உச்சிக்கும் உயர வித்தியாசம் ஆயிரம் மீட்டருக்கும் மேல். ஏற்காட்டைத் தாண்டியும் காபித் தோட்டங்களுக்கு நடுவே, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களை ஒட்டிக்கொண்டு பாதை நாகலூர் வரை போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், மூட்டையோடு சந்தைக்கு வருகிறவர்கள் என எல்லோருக்கும் பஸ்தான் கால்.

இந்தப் பாதையில் ஓடி ஓய்ந்த பழைய பஸ் ஒன்றை ஒருவர் ஆசையாக வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதான லேலண்ட். முன்பக்கம் நீண்ட மூக்கு இல்லாத சதுர முகம், உள்ளே மரப்பலகைத் தளம், ஜன்னலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி. பெயின்ட் அடித்துவிடலாம். சீட்டுக்கு ரெக்சின் தைத்துவிடலாம். எஞ்சினைப் பிரித்துப் பூட்ட ஆள் இருக்கிறார்கள். ஆனால், பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் பாகங்கள்? அவற்றை எங்கே தேடுவது? கிடைத்ததை மாட்டினால் நாகலூரிலிருந்து சேலம் வரை நம்பி இறங்க முடியுமா?

பழைய வண்டி மேல் ஆசை உள்ள எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

எண்ணெய் அல்ல, காற்று!

காரில் பிரேக்கை மிதித்தால் எண்ணெய் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கிறது. ஆள் நிறைந்த பஸ் 15 டன் பக்கம் எடை. அதை நிறுத்த டிரைவரின் கால் பலம் போதாது. காற்றின் பலம் வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது கூடவே ஒரு கம்ப்ரசரும் ஓடும். அது வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, வண்டிக்கு அடியில் இருக்கும் டேங்குகளில் அடைக்கிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 முதல் 8 கிலோ அழுத்தம். நம் கார் டயரில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. டேங்க் நிறைந்ததும் ஒரு வால்வு மிச்சக் காற்றை ‘புஸ்’ என்று வெளியே தள்ளிவிடும்.

டிரைவர் மிதிப்பது பிரேக்கை அல்ல, ஒரு வால்வை. அது திறந்ததும் காற்று குழாய்கள் வழியே ஓடி, சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டையான இரும்பு டப்பாவுக்குள் புகும். அதற்குப் பெயர் பிரேக் சேம்பர். உள்ளே டயஃப்ரம் என்ற ரப்பர் தகடு. காற்று அதைத் தள்ள, அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, பிரேக் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. சேம்பரில் ‘24’ என்று எண் இருந்தால், டயஃப்ரத்தின் பயன்படும் பரப்பு 24 சதுர அங்குலம் என்று அர்த்தம். காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு என்றால், தள்ளும் விசை 2,400 பவுண்டு. அதாவது, ஆயிரம் கிலோவுக்கும் மேல்! அத்தனை விசையும் நிற்பது கையளவு ரப்பர் மேல்.

இந்த யோசனை ரயிலிலிருந்து வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குக் காற்று பிரேக் காப்புரிமை பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் அதைத் திருத்தி, குழாய் அறுந்து காற்று போனாலும் பிரேக் தானாகப் பிடிக்கும்படி செய்தார். இன்றைய பஸ்களின் பின் சக்கரத்திலும் அதே தத்துவம் உண்டு. பலமான ஸ்பிரிங் ஒன்று பிரேக்கைப் பிடித்துவைத்திருக்கும். காற்றுதான் அதை விடுவிக்கும். பார்க்கிங் பிரேக் போடும்போது கேட்கும் ‘புஸ்’, அந்த ஸ்பிரிங்கை அடக்கிவைத்திருந்த காற்று வெளியேறும் சத்தம்.

ஆனால் பழைய பஸ்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி காற்றுப் பாதைகூட இல்லாத வண்டிகள் உண்டு. புது வண்டியில் காற்று போனால் பிரேக் பிடிக்கும். அந்தப் பழைய வண்டிகளில் காற்று போனால் பிரேக்கே போய்விடும். மலையில் ஓட்ட நினைப்பவர் முதலில் மனதில் எழுதிக்கொள்ள வேண்டிய வரி இது.

பாடியில் பிறந்த பாகங்கள்

நல்ல செய்தி ஒன்று சொல்லட்டுமா? இந்தத் தேடலுக்கு நாம் கடல் தாண்ட வேண்டியதில்லை. பழைய லேலண்டின் பிறந்த வீடும் தமிழ்நாடு, அதன் காற்று பிரேக்கின் பிறந்த வீடும் தமிழ்நாடு.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம், இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் தொழிற்சாலை. 1962-ல் டி.வி.எஸ். குழுமம், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தோடு கைகோத்து சுந்தரம்-கிளேட்டனை ஆரம்பித்தது. சென்னை பாடியில் காற்று பிரேக் பாகங்கள் செய்யப்பட்டன. தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை 1998-ல் இந்த நிறுவனத்தின் பிரேக் பிரிவு வாங்கியது.

பிறகு பெயர்கள் மாறின. 2008-ல் பிரேக் பிரிவு தனியாகப் பிரிந்து வாப்கோ-டி.வி.எஸ். ஆனது, அப்புறம் வாப்கோ இந்தியா. உலக அளவில் வாப்கோவை ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் 2020-ல் வாங்கியதும், இந்திய நிறுவனத்தின் பெயரும் இசட்.எஃப். என்று மாறியது.

இந்த வரலாறு எதற்கு என்கிறீர்களா? கடைக்காரரிடம் ‘சுந்தரம் கிளேட்டன் வால்வு இருக்கா?’ என்று கேட்டால், இளைஞராக இருந்தால் விழிப்பார். அதே வால்வு வேறு பெயர் அச்சிட்ட பெட்டியில் அவர் பின்னாலேயே இருக்கலாம். பழைய எண்ணுக்குப் பதிலாக எந்தப் புது எண் வந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். பெயர் மாறியதால் பாகம் காணாமல் போனதாக நினைத்துத் தேடுவதை விட்டுவிடக் கூடாது.

முதலில் எண், அப்புறம் கடை

பழைய பஸ்காரர்கள் செய்யும் பெரிய தப்பு, பாகத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறுவது. ‘இதே மாதிரி ஒண்ணு கொடுங்க’ என்று கேட்டால், மாதிரிதான் கிடைக்கும்.

கழற்றுவதற்கு முன்பே வேலை தொடங்க வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டேங்கில் இருக்கும் காற்றை முழுதாக வெளியேற்றிவிட்டு, ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று செல்போனில் படம் எடுங்கள். குழாய்களில் துணி கட்டி எண் எழுதுங்கள். பிறகு மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்தால், வால்வின் மேல் வார்ப்பிலோ சின்னத் தகட்டிலோ ஓர் எண் தெரியும். அதுதான் அந்தப் பாகத்தின் முகவரி.

எண் அழிந்துபோயிருந்தால்? வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும். இது அன்லோடர் வால்வா, கால் மிதிக்கும் பிரேக் வால்வா, காற்றைச் சட்டென்று வெளியேற்றும் குயிக் ரிலீஸ் வால்வா, பின்சக்கரத்துக்குக் காற்றை விரைவாகக் கொண்டுபோகும் ரிலே வால்வா? எத்தனை துவாரம், எந்த அளவு திரெட், எத்தனை அழுத்தம்? இத்தனைக்கும் பதில் இருந்தால், அனுபவமுள்ள கடைக்காரர் எண்ணே இல்லாமல் கண்டுபிடித்துவிடுவார்.

எதைக் காப்பாற்றலாம்?

முழு வால்வும் புதிதாகக் கிடைக்காதபோது, அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள், ஸ்பிரிங், சீல் எல்லாம் சேர்ந்த ‘கிட்’ கிடைக்கும். சின்ன வேலைக்கு மைனர் கிட், பெரிய வேலைக்கு மேஜர் கிட். வால்வின் வெளிக்கூடு நன்றாக இருந்தால், கிட் மாற்றி அதே வால்வை ஓட வைக்கலாம்.

ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே பிஸ்டன் ஓடும் சுவரை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். கீறல் தட்டினாலோ, துரு தின்ற குழி இருந்தாலோ, அந்தக் கூடு செத்துப்போனது. எத்தனை புது ரப்பர் போட்டாலும் காற்று கசியும்.

கம்ப்ரசருக்கு ஆயுள் அதிகம். சிலிண்டரை போர் செய்து, புது பிஸ்டன் ரிங் போட்டு, மேலே இருக்கும் தகடு வால்வுகளை மாற்றினால் எழுந்து உட்காரும். டேங்கைத் திறந்துவிடும்போது தண்ணீரோடு எண்ணெயும் கொழகொழவென்று வந்தால், ரிங் தேய்ந்துவிட்டது என்று கம்ப்ரசர் தானே சொல்கிறது. டேங்குக்குள் துரு ஏறியிருந்தால் அதற்கு மேல் பெயின்ட் அடித்து ஏமாற்ற வேண்டாம். அழுத்தக் காற்றை அடைக்கும் பாத்திரம் அது.

ரப்பருக்கு மட்டும் பாவ புண்ணியம் பார்க்கவே கூடாது. டயஃப்ரம், ஹோஸ், சீல் எல்லாம் புதிதாக இருக்க வேண்டும். சில பழைய கடைகளில் இருபது வருஷமாகப் பிரிக்காத பெட்டி கிடைக்கும். ‘ஒரிஜினல், கையே படாத சரக்கு’ என்பார்கள். பழைய வண்டிப் பிரியர்களுக்கு அதைப் பார்த்ததும் கண் மின்னும். இரும்பு என்றால் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வளைத்துப் பார்த்தால் மயிரிழையாய் வெடிப்பு தெரியும்.

சேலம் முதல் புதுப்பேட்டை வரை

நாகலூர்க்காரருக்கு ஒரு வசதி. மலை இறங்கினால் தமிழ்நாட்டின் கனரக வண்டி உலகமே கீழே விரிந்திருக்கிறது. சேலம், அதற்கு அந்தப் பக்கம் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். லாரியும் போர்வெல் வண்டியும் வாழ்க்கையாக இருக்கும் ஊர்கள். இன்னும் கொஞ்சம் போனால் பஸ் பாடி கட்டும் கரூர். இந்த ஊர்களில் காற்று பிரேக் வேலை மட்டுமே பார்க்கும் ஒர்க்‌ஷாப்புகள் உண்டு. வால்வைப் பிரித்து, கிட் போட்டு, மேஜை மேல் காற்று கொடுத்துச் சோதித்துத் தருகிற இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

கோவையிலும் சேலத்திலும் நல்ல லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பின், புஷ், தாங்கு பிராக்கெட் போன்றவற்றைச் சரியான இரும்பில் கடைந்து வாங்கலாம். வால்வின் உள் பாகத்தை மட்டும் லேத்தில் கடையக் கேட்காதீர்கள்.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புது உதிரிபாகங்களுக்கும், புதுப்பேட்டை பழைய பாகங்களுக்கும் பெயர் போனவை. போக்குவரத்துக் கழகங்கள் கழித்துக்கட்டும் பஸ்கள் ஏலத்துக்கு வந்து, பிறகு காயலான் கடைகளில் துண்டு துண்டாகப் பிரியும். அங்கே வாங்க வேண்டியது வெளிக்கூடு, பிராக்கெட், மீட்டர், ஹார்ன். ‘அப்படியே மாட்டிக்கலாம் சார்’ என்று தரப்படும் பழைய பிரேக் சேம்பரை அப்படியே மாட்டக் கூடாது.

அவசரப்பட வேண்டிய காரணமும் இருக்கிறது. 15 வயது தாண்டிய அரசு வாகனங்களைப் பதிவிலிருந்து நீக்கிக் கழிக்கும் விதி, போக்குவரத்துக் கழக பஸ்களையும் சேர்த்து 2023 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. மும்பையின் பழைய டீசல் டபுள் டெக்கர் பஸ்களில் கடைசி வண்டி அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் ஓய்வு பெற்றது. பழைய பஸ்கள் போகப் போக, அவற்றின் பாகங்களும் உருகிப் போகின்றன.

‘பார்த்தா ஒண்ணுதாங்க!’

தேடி அலைந்தவர் கடைசியில் ஏமாறும் இடம் இது. மூன்று கண்ணிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, திரெட். பிரிட்டிஷ் வழி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் அங்குலக் கணக்கு. புதியவற்றில் மில்லிமீட்டர் கணக்கு. ஒன்றில் ஒன்றை மாட்டினால் இரண்டு சுற்று ஏறும். ஸ்பானர் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரியும் இருக்கும். மலைப்பாதை அதிர்வில் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும்.

இரண்டு, சேம்பர் அளவு. இடது பக்கம் 24, வலது பக்கம் 20 என்று மாட்டினால் வெளியே பெரிய வித்தியாசம் தெரியாது. பிரேக் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமவெளியில் ஸ்டீயரிங்கைத் திருப்பிச் சமாளிக்கலாம். கொண்டை ஊசி வளைவில் இழுக்கும் பக்கம் பள்ளமாக இருந்தால்? எனவே, எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

மூன்று, குழாய். கம்ப்ரசரிலிருந்து கிளம்பும் முதல் குழாயில் காற்று கொதிக்கக் கொதிக்க வரும். அங்கே உலோகக் குழாய்தான் இருக்க வேண்டும். நைலான் குழாய் மலிவு என்று அங்கே போட்டால் உருகும். கேஸ் டியூபும் தண்ணீர் டியூபும் எந்த இடத்துக்கும் ஆகாது.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் பல நூறு கிலோ விசையோடு ஒரு ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. வீட்டு வாசலில் வைத்துப் பிரித்தால் மூடி குண்டுபோல் பாயும். அதைப் பயிற்சி உள்ளவர் மட்டுமே தொட வேண்டும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் பழைய சேம்பரைப் போட்டுவைக்கவும் கூடாது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

லண்டனில் 1939 முதல் 1979 வரை ஓடிய ‘ஆர்.டி.’ வகை டபுள் டெக்கர்களில் பிரேக் மட்டுமல்ல, கியர் மாற்றுவதும் காற்றால்தான். லண்டனில் கழிக்கப்பட்ட அந்த வகை பஸ்கள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து, இலங்கை போக்குவரத்துச் சபைக்காக ஓடின. இங்கிலாந்தில் ஆர்வலர்கள் பாதுகாக்கும் ஆர்.டி. பஸ்கள் இன்றும் விழாக்களில் ஓடுகின்றன. அங்கே பாகம் கிடைக்காதபோது ஆர்வலர்கள் சேர்ந்து ஒரே தடவையில் பலருக்கும் செய்து வாங்கிக்கொள்கிறார்கள். தனி ஆள் ஒரு சீல் கேட்டால் எந்தத் தொழிற்சாலையும் திரும்பிப் பார்க்காது. ஐம்பது பேர் சேர்ந்து கேட்டால் கதவு திறக்கும்.

நம் ஊரிலும் உதாரணம் இருக்கிறது. நீலகிரி மலை ரயிலின் நூற்றாண்டு பழைய சுவிட்சர்லாந்து வடிவமைப்புக்கு, திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது. உருவம் பழசு, அழுத்தம் தாங்கும் பாகங்கள் புதுசு. பழைய பஸ்ஸுக்கும் அதே நியாயம்தான்.

இறங்கும் முன் ஒரு தேர்வு

எல்லாம் மாட்டியாயிற்று. உடனே மலைக்குக் கிளம்பலாமா? கூடாது.

சமதளத்தில் கட்டை கொடுத்து நிறுத்தி, டேங்க் முழுக்கக் காற்று ஏற்றுங்கள். எஞ்சினை அணையுங்கள். மீட்டர் முள்ளைப் பாருங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடியே பாருங்கள். மிதித்ததும் கொஞ்சம் இறங்கும்; அதன்பின் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் எல்லா இணைப்பிலும் தடவினால், குமிழி காட்டிக்கொடுத்துவிடும். காற்று குறைந்தால் கத்தும் எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, காலி வண்டியாகச் சமவெளியில். பிறகு மணல் மூட்டை ஏற்றி. அதன்பின் சின்னச் சரிவில். கடைசியாகத்தான் மலை. மலையிலும் ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய டிரைவர்களின் பாடம். நியூட்ரலில் இறங்குவதும், பிரேக்கை விட்டு விட்டு மிதித்துக் காற்றை வீணாக்குவதும், டிரம் சிவக்கப் பிடித்துக்கொண்டே வருவதும் புது வண்டிக்கே ஆபத்து.

இந்த வேலையில் ஓய்வு பெற்ற மெக்கானிக் ஒருவரைக் கூட வைத்துக்கொள்வது, பத்து கடை ஏறுவதற்குச் சமம். ‘புஸ்’ சத்தம் நீளமாக வருகிறதா, விக்கி விக்கி வருகிறதா என்று கேட்டே நோய் சொல்பவர்கள் அவர்கள். பாகங்களைவிட வேகமாகக் குறைந்துவருவது அந்தக் காதுகள்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

50 வயது தாண்டிய வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஆனால் அது இரு சக்கர வாகனங்களுக்கும் கார்களுக்கும்தான். பஸ்ஸுக்கு அதில் இடமில்லை. ஆகவே, பழைய பஸ்ஸை ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் மற்ற பஸ்களைப் போலவே எஃப்.சி. எடுத்து, பிரேக் சோதனையில் தேற வேண்டும். வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

ஒருவேளை, எல்லாக் கடையும் ஏறி இறங்கியும் சரியான வால்வு கிடைக்கவில்லையா? அப்போது இரண்டு வழி. பழைய அமைப்பை மொத்தமாக எடுத்துவிட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் தனிக் காற்றுப் பாதை உள்ள புது அமைப்பை முறையான ஒர்க்‌ஷாப்பில் பொருத்தி, அனுமதி வாங்கி ஓட்டலாம். ‘ஒரிஜினல் போச்சே’ என்று மனம் கொஞ்சம் வலிக்கும். பரவாயில்லை.

இல்லையென்றால், தோட்டத்து வாசலில் சில்வர் ஓக் நிழலில் நிறுத்திவையுங்கள். பிள்ளைகள் ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். பாட்டிகள் தாங்கள் கல்யாணமாகி வந்த பஸ்ஸின் கதையைச் சொல்லட்டும். ஓடாமல் நின்றாலும் அது பழைய பஸ்தான். மூச்சு சரியில்லாமல் 20 வளைவு இறங்குவதைவிட, நிற்பது அதற்கும் மரியாதை, அதில் ஏறுகிறவர்களுக்கும் நல்லது.